சாமி கண்ணைக் குத்தாது: சின்னக் குழந்தைகளுக்கு மதம் சொல்லித் தருவது பற்றி

சின்னக் குழந்தைகளுக்கு மதத்தைச் சொல்லித் தரலாமா என்று யாராவது கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்பது ஒன்று. "வளர்ந்தபிறகு அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்" என்பது இன்னொன்று. இரண்டிலும் குழந்தையின் வயது கணக்கில் இல்லை. மூன்று வயதுக் குழந்தை காதில் வாங்கும் கடவுளும் ஒன்பது வயதுக் குழந்தை காதில் வாங்கும் கடவுளும் ஒருவரல்ல.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லித் தரலாம். ஏழு வயதுவரை பழக்கமும் கதையும் போதும். கோட்பாட்டைப் பத்து வயதுப் பக்கம் தள்ளிப்போடலாம். தண்டனை, நரகம், சாபம் ஆகியவற்றை எந்த வயதிலும் ஒழுங்குக்கான கருவியாக எடுக்கக்கூடாது. மத நம்பிக்கை இல்லாத பெற்றோரும் இதில் சும்மா இருந்துவிட முடியாது. அவர்களுக்கும் வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

முதலில், குழந்தைக்கு என்ன புரிகிறது என்பதைப் பார்ப்போம். ஜஸ்டின் பாரெட் என்ற உளவியலாளரும் அவரது குழுவும் 2001-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பிஸ்கட் பெட்டியைக் குழந்தையிடம் காட்டித் திறக்கிறார்கள். உள்ளே இருப்பது கற்கள். பெட்டியை மூடிவிட்டு, "இதைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று அம்மா நினைப்பார்? கடவுள் என்ன நினைப்பார்?" என்று கேட்கிறார்கள். மிகச் சின்னக் குழந்தைகள் இருவருக்குமே கற்கள் என்று தெரியும் என்கின்றன. ஐந்து, ஆறு வயதில் பதில் பிரிகிறது: அம்மா ஏமாந்துவிடுவார், கடவுள் ஏமாறமாட்டார்.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மூன்று வயதில் "கடவுளுக்கு எல்லாம் தெரியும்" என்பது ஒரு செய்தியே இல்லை. அந்த வயதில் அம்மாவுக்கும்தான் எல்லாம் தெரியும். ஐந்து வயதை ஒட்டித்தான், யாருக்கும் தெரியாமல் ஒன்றை மனதுக்குள் வைத்துக்கொள்ள முடியும் என்று குழந்தை கண்டுபிடிக்கிறது. அந்த நேரம் பார்த்து, அதையும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நாம் சொல்கிறோம். அது ஆறுதலாகவும் இறங்கலாம், வேவு பார்ப்பதாகவும் இறங்கலாம். இருட்டில் பயந்து அழும்போது சொன்னால் துணை. பிஸ்கட்டை எடுத்து ஒளித்தபோது சொன்னால் போலீஸ். வாக்கியம் ஒன்றுதான், சொல்லும் நேரம் வேறு.

டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1960-களின் தொடக்கத்தில் யூத, கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் குழந்தைகளிடம் வேடிக்கையான கேள்விகளைக் கேட்டார். நாயோ பூனையோ கத்தோலிக்கராக இருக்க முடியுமா என்பது அவற்றில் ஒன்று. ஐந்து, ஆறு வயதில் மதம், நாடு, இனம் எல்லாம் ஒரே குழப்பம். ஏழு முதல் ஒன்பது வயதில் செய்கையை வைத்துச் சொல்கிறார்கள்: எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று. மதம் என்பது மனதுக்குள் இருக்கும் நம்பிக்கை என்ற எண்ணம் பத்து வயதுக்கு மேல்தான் தெளிவாகிறது. அதனால்தான் ஆறு வயதுக் குழந்தையிடம் இறையியலைச் சொன்னால் அது வெறும் சொல்லாக நிற்கும். பாட்டும் பிரார்த்தனையும் மனப்பாடமாகத் தங்கும், அதில் தவறில்லை, பொருள் பிறகு வரட்டும். விருந்தினர் முன்னால் ஒப்பிக்கச் சொல்வதைத்தான் நிறுத்த வேண்டும். கைதட்டு வாங்கப் பழகிய பிரார்த்தனை, கைதட்டு நின்ற நாளில் தானும் நின்றுவிடும்.

பழக்கம் என்று நான் சொல்வது மிகச் சிறியது. மூன்று வயதில் ஒரு நிமிடம், ஐந்து வயதில் இரண்டு மூன்று நிமிடம், ஏழு வயதில் ஐந்து நிமிடம். தினமும் ஏற்கெனவே நடக்கும் ஒரு செயலோடு அதைக் கட்டிவிடுங்கள்: குளித்தபின், சாப்பாட்டுக்கு முன், படுக்கும் முன். தனியாக நேரம் ஒதுக்கினால் நான்காம் நாள் மறந்துபோகும். குழந்தையின் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். பாய் விரிப்பதோ மணி அடிப்பதோ புத்தகத்தில் பக்கம் திருப்புவதோ எதுவானாலும் சரி. ஒரு பாட்டு அல்லது இரண்டு வரி. பிறகு "இன்னைக்கு உனக்குப் பிடிச்சது என்ன?" என்று ஒரு கேள்வி. முடிவில், உடம்பு சரியில்லாத யாராவது ஒருவரை நினைத்துக்கொள்வது. அவ்வளவுதான். குழந்தை நடுவில் எழுந்து ஓடினால் கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள். நீங்கள் முடித்துவிட்டு எழுந்திருங்கள். அது தொடர்ந்து நடப்பதைப் பார்ப்பதுதான் அந்த வயதின் பாடம்.

வழிபாட்டு இடத்துக்கு அழைத்துப் போவதென்றால், தூங்கி எழுந்து வயிறு நிறைந்த நேரமாகப் பாருங்கள். முதல் சில தடவை கால் மணி நேரம் போதும். வாசல் பக்கமாக உட்காருங்கள். போகும் முன்பே அங்கே என்ன சத்தம் கேட்கும், எங்கே பேசக்கூடாது, எப்போது கிளம்புவோம் என்று சொல்லிவிடுங்கள். அழுகை ஆரம்பித்தபின் வெளியே வந்தால் "அழுதால் கிளம்பலாம்" என்ற பாடம்தான் பதியும். அதற்கு ஐந்து நிமிடம் முன்பே கிளம்பிவிட வேண்டும்.

குழந்தையை வகுப்பில் விட்டுவிட்டு வெளியே செல்போன் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரைப் பற்றி ஒரு வார்த்தை. மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் 2009-இல் முன்வைத்த கருத்து இது: ஒருவர் வாயால் சொல்வதைவிட, தனக்குச் செலவும் சிரமமும் வைக்கும் செயலாகச் செய்து காட்டுவதைத்தான் பார்ப்பவர்கள் நம்புகிறார்கள். நீங்கள் நோன்பு இருப்பதில்லை, தானம் செய்வதில்லை, பிரார்த்தனையில் உட்காருவதில்லை என்றால் வாரம் ஒருமுறை நடக்கும் வகுப்பு அதை ஈடுகட்டாது. சமூகவியலாளர் வெர்ன் பெங்ட்சன் 1970-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கி, அதே குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்தார். பெற்றோருடன், குறிப்பாக அப்பாவுடன், நெருக்கமாக வளர்ந்த பிள்ளைகளிடம்தான் குடும்பத்தின் மதம் அதிகம் தங்கியது என்று அதில் கண்டார். கண்டிப்பான அப்பாக்கள் இதை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம்.

கதைக்கு வருவோம். புராணமோ வேதாகமமோ நபிமார் வரலாறோ, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதையோ, எதுவானாலும் குழந்தைக்கு நல்லது. ஆனால் எல்லாக் கதையும் எல்லா வயதுக்கும் அல்ல. கடவுள் கேட்டார் என்று தகப்பன் பிள்ளையைப் பலிகொடுக்கத் துணியும் கதை ஒன்றுக்கு மேற்பட்ட மதங்களில் உண்டு. பெரியவர்களுக்கு அது பக்தியின் உச்சம். நாலு வயதுக் குழந்தை அந்தக் கதையில் பிள்ளையின் இடத்தில்தான் நிற்கும். "அப்பா என்னையும் வெட்டுவாரா?" என்பதுதான் அதற்குக் கேட்கும். வாய்விட்டுக் கேட்காது, ராத்திரி எழுந்து அழும். ஊரே வெள்ளத்தில் மூழ்குவது, உடலை அறுப்பது, எரிப்பது, சிலுவையில் அறைவதன் விவரம் ஆகியவற்றையெல்லாம் எட்டு வயதுக்கு மேல், பகலில், பேச நேரம் இருக்கும்போது சொல்லுங்கள். படுக்கையில் வேண்டாம்.

"இது நிஜமா?" என்று குழந்தை கேட்கும் நாள் வரும். உளவியலாளர்கள் கேத்லீன் காரிவோ, பால் ஹாரிஸ் முதலியோர் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளிடம் நடத்திய ஓர் ஆய்வில், மதச் சூழலில் வளர்ந்தவர்கள் மதக் கதைகளின் நாயகர்களை உண்மையில் இருந்தவர்கள் என்றார்கள். அதோடு, அற்புதம் நிகழும் வெறும் கற்பனைக் கதையின் நாயகரையும் உண்மை என்று சொல்லும் போக்கு மற்றக் குழந்தைகளைவிட அவர்களிடம் அதிகமாக இருந்தது. இதை வைத்து மதம் மூளையை மழுக்குகிறது என்று எழுதியவர்களும் உண்டு. அது அவசர முடிவு. அற்புதம் நடக்கும் என்று கேட்டு வளர்ந்த குழந்தை, அற்புதம் வரும் கதையை நம்புவது அதற்குக் கிடைத்த தகவலின்படி சரிதானே. நமக்கு இதில் வேலை ஒன்றுதான்: கதையின் தலையில் அது எந்த வகை என்று ஒட்டிவிடுவது. "இது நம்ம வீட்டுல நம்புற கதை." "இது நடந்ததுன்னு வரலாற்றுல எழுதி வெச்சிருக்காங்க." "இது சும்மா கற்பனை, ஜாலிக்கு." இந்த மூன்றையும் ஐந்து வயதுக் குழந்தை பிரித்துப் புரிந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாத கிருமியையும் கண்ணுக்குத் தெரியாத கடவுளையும் பற்றிக் கேட்ட ஆய்வுகளில், இரண்டும் உண்டு என்று சொன்ன குழந்தைகள்கூட கிருமியைப் பற்றித்தான் அதிக உறுதியாகச் சொன்னார்கள். பெரியவர்கள் பேசும் விதத்திலிருந்தே வேறுபாட்டை அவர்கள் பிடித்துவிடுகிறார்கள். நாமே அதை நேராகச் சொல்லிவிடுவது மரியாதை.

அடுத்தது பயம். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

"பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்." இதைச் சொல்லாத வீடு குறைவு. ஏன் வேலை செய்கிறது என்றால், ஆறேழு வயதுவரை குழந்தைகள் தப்புக்கு உலகமே தண்டனை தரும் என்று நம்புகிறார்கள். குழந்தை உளவியலாளர் பியாஜே 1932-இலேயே இதைப் பதிவு செய்தார். பழம் திருடிக்கொண்டு ஓடிய பையன் பாலம் உடைந்து தண்ணீரில் விழுந்தான் என்று சொல்லி, திருடாமல் இருந்திருந்தால் விழுந்திருப்பானா என்று கேட்டார். விழுந்திருக்கமாட்டான் என்றன பெரும்பாலான சின்னக் குழந்தைகள். ஏற்கெனவே இப்படி நினைக்கும் மனதில் நாம் சாமியின் பெயரையும் சேர்த்துவிடுகிறோம். விளைவு இரண்டு விதமாகப் போகும். துணிச்சலான குழந்தை ஒரு பொய் சொல்லிப் பார்க்கும். கண் பத்திரமாக இருக்கும். அன்றோடு சாமியும் போயிற்று, சொன்னவர் மேலிருந்த நம்பிக்கையும் போயிற்று. பயந்த சுபாவமுள்ள குழந்தை சோதித்துப் பார்க்காது. தம்பிக்குக் காய்ச்சல் வந்தால், அப்பாவுக்கு வேலை போனால், தான் செய்த ஏதோ ஒரு தப்புதான் காரணம் என்று உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். இந்த இரண்டாவது வகைக் குழந்தை நமக்குத் தொந்தரவு கொடுக்காது என்பதால் கண்ணில் படுவதில்லை.

இதைவிட மோசம், "மனசுல நினைச்சாலே பாவம்" என்பது. எண்ணங்கள் தானாக வரும், விரட்ட விரட்ட இன்னும் வரும். மனதுக்குள் தற்செயலாக ஒரு கெட்ட வார்த்தை வந்ததற்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பிக்கும் குழந்தை, மன்னிப்பு சரியாகச் சொன்னோமா என்று மறுபடி சொல்லும், மறுபடியும் சொல்லும். பிரார்த்தனையை ஒரு எழுத்துத் தவறினாலும் முதலிலிருந்து தொடங்குவது, "கடவுள் கோச்சுக்கிட்டாரா?" என்று ஒரே நாளில் பலமுறை கேட்பது, கை கழுவிக்கொண்டே இருப்பது, இதனால் தூக்கமோ படிப்போ கெடுவது ஆகியவை தெரிந்தால் அதைப் பக்தி என்று பெருமைப்படாதீர்கள். ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் ஓசிடி என்ற மனநோயின் ஒரு வடிவம் இப்படித்தான் மத வேடத்தில் வரும். குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். மதம் அந்த நோயை உண்டாக்குவதில்லை, அதற்குப் பேச ஒரு விஷயம் தருகிறது. சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு.

ஏற்கெனவே மிரட்டிவிட்டீர்கள் என்றால் திருத்துவது கடினமில்லை. "சாமி கண்ணைக் குத்தும்னு சொன்னேன்ல, அது தப்பு. உன்னை நிறுத்தறதுக்காகச் சொன்னேன். சாமி யார் கண்ணையும் குத்தாது. பொய் சொன்னா எனக்கு உன்னை நம்பறது கஷ்டமாயிடும், அதான் விஷயம்." ஒரு தடவை சொன்னால் போதாது. குழந்தை பயந்ததாகத் தெரியும் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். வீட்டில் தாத்தா பாட்டி அதையே தொடர்ந்தால், குழந்தையின் முன்னால் அவர்களை மறுக்காமல் தனியாகப் பேசுங்கள். "மிரட்டாதீங்க" என்று மட்டும் சொன்னால் நடக்காது. அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள், கதை சொல்லும் நேரத்தை அவர்கள் கையில் விட்டுவிடுங்கள். மிரட்டல் பெரும்பாலும் வேறு வழி தெரியாததால் வருவது.

மதம் இல்லாவிட்டால் ஒழுக்கம் எப்படி வரும் என்ற கவலைக்கு லாரி நூச்சி, எலியட் டூரியல் என்ற உளவியலாளர்கள் இருவரின் ஆய்வு ஒரு பதில். பக்தியான கிறிஸ்தவ, யூதக் குடும்பத்துப் பிள்ளைகளிடம், ஓய்வுநாளில் வேலை செய்யக்கூடாது என்று கடவுள் சொல்லாமல் இருந்திருந்தால் செய்யலாமா என்று கேட்டபோது, பெரும்பாலோர் செய்யலாம் என்றார்கள். அடிக்கக்கூடாது, திருடக்கூடாது என்று கடவுள் சொல்லாமல் இருந்திருந்தால்? அப்போதும் தப்புதான் என்றார்கள். அடித்தால் வலிக்கும் என்பது குழந்தைக்கே தெரிந்த காரணம், அதற்குக் கடவுளைச் சாட்சி கூப்பிட வேண்டியதில்லை. எதிர்ப்பக்கமும் ஓர் எச்சரிக்கை: மதக் குடும்பத்துக் குழந்தைகள் பகிர்ந்துகொள்வதில் குறைவு என்று 2015-இல் பெரிய செய்தியாக வந்த ஆய்வு, 2019-இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. நாடுகளுக்குக் கொடுத்த குறியீட்டு எண்களை உண்மையான அளவுகள்போல் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மரணம்தான் பல வீடுகளில் மதம் முதன்முதலாக நுழையும் இடம். "தாத்தா தூங்குறார்", "கடவுள் கூட்டிட்டுப் போயிட்டார்" என்று சொல்லிவிடுகிறோம். உளவியலாளர் மரியா நாகி 1948-இல் வெளியிட்ட புடாபெஸ்ட் குழந்தைகள் பற்றிய ஆய்விலேயே, ஐந்து வயதுக்குள்ளான குழந்தைகள் சாவைத் தூக்கமாகவும் பயணமாகவும் நினைப்பது தெரிந்தது. நாமும் அதையே சொன்னால் தூங்கவே பயப்படும், அல்லது வாசலில் காத்திருக்கும், அல்லது கூட்டிக்கொண்டு போனவர் மேல் கோபம் கொள்ளும். அதே கடவுளை இரவு கும்பிடச் சொல்கிறோம் வேறு.

வரிசை முக்கியம். முதலில் உடம்பு, பிறகுதான் நம்பிக்கை. "தாத்தா இறந்துட்டார். இறந்துட்டார்னா உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. மூச்சு விடமாட்டார், வலிக்காது, பசிக்காது. திரும்பி வரமாட்டார்." இதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், அது கேட்கட்டும். இரண்டொரு நாள் கழித்தோ, அதுவே கேட்டாலோ, "நம்ம வீட்டுல, அவர் கடவுள்கிட்ட இருக்கார்னு நம்பறோம்" என்று சேர்க்கலாம். திரும்ப வராது, உடம்பு எதையும் உணராது, எல்லோருக்கும் நடக்கும் என்ற மூன்றும் பொதுவாக ஐந்து முதல் ஏழு வயதுக்குள் புரிந்துவிடும். அதற்கு முன் ஒரே கேள்வி இருபது முறை வரும். இருபது முறையும் அதே சொற்களில் பதில் சொல்லுங்கள். பதில் மாறினால்தான் குழந்தை குழம்பும்.

வேண்டுதலிலும் இதே சிக்கல் உண்டு. "நல்லா வேண்டிக்கோ, சரியாயிடும்" என்று சொன்னால், சரியாகாதபோது தான் சரியாக வேண்டவில்லை என்று குழந்தை முடிவு கட்டும். "வேண்டிக்கறது நாம அவங்களை நினைக்கிறோம்னு சொல்றது. மருந்து டாக்டர் குடுப்பார்" என்று பிரித்துவிடுங்கள்.

இனி நம்பிக்கை இல்லாத பெற்றோர். பேசாமல் இருப்பது நடுநிலை ஆகாது. பள்ளியில், பக்கத்து வீட்டில், கார்ட்டூனில் குழந்தை எப்படியும் கேட்டுவிடும், முதலில் கேட்டது மிரட்டலாக இருந்தால் அதுவே தங்கிவிடும். பல மதங்களின் கதைகளையும் விழாக்களையும் நீங்களே அறிமுகப்படுத்துங்கள். "சிலர் இப்படி நம்பறாங்க, நான் நம்பலை, நீ பெரியவளானதும் யோசிச்சுப் பார்க்கலாம்" என்பது முழுமையான பதில். ஏளனம் மட்டும் வேண்டாம். வீட்டில் கேட்ட ஏளனத்தை ஐந்து வயதுக் குழந்தை அப்படியே கொண்டுபோய் நண்பனின் அம்மாவிடம் சொல்லும். நம்புகிற வீடுகளுக்கும் இது பொருந்தும்: மற்ற மதத்துக்காரர்களைப் பற்றி நீங்கள் தொலைபேசியில் பேசும் தொனிதான் குழந்தைக்கு வகுப்பு.

இரண்டு மதப் பெற்றோர் என்றால், குழந்தை பிறக்கும் முன்பே சடங்கு, பெயர், பண்டிகை மூன்றையும் பேசி முடித்துவிடுவது நல்லது. "அம்மா இப்படி, அப்பா அப்படி" என்பது குழந்தைக்குச் சிரமமே இல்லை. யாருடையது சரி என்று அதை நீதிபதியாக்கினால்தான் சிரமம்.

மத வகுப்பில் சேர்க்கும் முன் பாடத்திட்டத்தைவிட இடத்தைப் பாருங்கள். கதவு திறந்திருக்கிறதா, ஆசிரியர் எந்தக் குழந்தையுடனாவது தனியாக இருக்கிறாரா, அடிப்பது உண்டா, பெற்றோர் சொல்லாமல் வந்து உட்காரலாமா. "வீட்டுல சொல்லாதே" என்று எதையாவது சொல்லும் வகுப்பிலிருந்து அன்றே நிறுத்திவிடுங்கள். புனிதமானவர் என்பதால் எந்தப் பெரியவருக்கும் விதிவிலக்கு இல்லை என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும்.

பத்து வயதுக்கு மேல் "நான் வரலை" என்பது வரும். சட்டங்களும் இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கின்றன. 1989-இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, 14-ஆம் பிரிவில், சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தைக் குழந்தைக்கே கொடுத்து, வளரும் திறனுக்கு ஏற்ப வழிகாட்டும் உரிமையைப் பெற்றோருக்கு வைக்கிறது. ஜெர்மனியின் 1921 சட்டம் இன்னும் துல்லியம்: 12 வயதுக்கு மேல் பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக வேறு மதத்தில் வளர்க்க முடியாது, 14 வயதில் முடிவு பிள்ளையுடையது.

வரலை என்றதும் விவாதத்தில் இறங்காதீர்கள். முதலில் அங்கே யாராவது ஒருவரைப் பிடிக்கவில்லையா, பயமா என்று கேளுங்கள். அது இருந்தால் மற்ற எதுவும் முக்கியமில்லை, போவதை நிறுத்திவிட்டு விசாரியுங்கள். வெறும் சலிப்பு என்றால் நேரத்தைக் குறைத்து, பாட்டிலோ பரிமாறுவதிலோ ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். நம்பிக்கையே வரவில்லை என்றால், வீட்டில் எல்லோரும் கூடும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும் உடன் உட்காரச் சொல்லலாம், கைகூப்பச் சொல்ல வேண்டாம். மற்றதை அடுத்த வருடம் மறுபடி பேசலாம்.